போத்தலுக்குள் பூச்சியம்; பெயருக்குள் என்ன?

முஸ்லிம் வார இதழின் வியாபாரப் பக்கத்தில் பியரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். நாங்கள் குடிப்பதுமில்லை, விற்பதுமில்லை, பிறகு எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்பதும் நியாயம்தான். ஆனால், நாங்கள் பியர் கம்பனிகளைப் பற்றி யோசிக்காமல் இருந்தாலும் அவை எங்களைப் பற்றி நன்றாகவே யோசித்துக்கொண்டிருக்கின்றன. நோன்பு காலத்தில் நாங்கள் எதை விரும்பிக் குடிக்கிறோம், எங்கள் பிள்ளைகள் எந்த விளையாட்டைப் பார்க்கிறார்கள், என்ன சொன்னால் கடைக்காரர் சம்மதிப்பார் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

தெமட்டகொடையில் கடை வைத்திருப்பவன் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன். 'மோல்ட்' பானம், 'சீரோ' பானம் என்று வெளிநாட்டுப் போத்தல்களோடு விற்பனைப் பிரதிநிதிகள் எங்கள் பக்கம் வருகிறார்கள். "நானா, இதுல ஒரு சொட்டு மதுவும் இல்ல. தாராளமா விற்கலாம்" என்பதுதான் அவர்களின் முதல் வார்த்தை. கொமிஷன் மோசமில்லை. சிலர் கூலரும் தருவதாகச் சொல்கிறார்கள். எடுக்கலாமா, கூடாதா என்று என்னிடம் கேட்ட வியாபார நண்பர்கள் பலர். மார்க்கத் தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் வேலை. வியாபாரி என்ற வகையில் என்னுடைய கருத்தை மட்டும் இங்கே சொல்கிறேன்.

உள்ளூர்ச் சட்டை போட்ட பானம்

பியர் எங்கள் நாட்டுக்கு வந்த வழியை முதலில் பார்ப்போம். 1849ஆம் ஆண்டு நுவரெலியாவில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் பியர் காய்ச்சும் ஆலையொன்றை ஆரம்பித்தார். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடி ஆபிரிக்கா சென்ற அதே பேக்கர்தான். மலைநாட்டின் குளிரும் தண்ணீரும் அதற்குத் தோதாக இருந்தன. வெள்ளைக்காரருக்காகக் காய்ச்சிய அந்தப் பானம் காலப்போக்கில் சிங்கத்தின் பெயரைச் சூடிக்கொண்டு நாட்டுப் பானமாகிவிட்டது. இன்று பியகமவில் ஆலை வைத்திருக்கும் லயன் கம்பனியில் கார்ல்ஸ்பெர்க்கின் மலேசியக் கம்பனிக்கு 25 சதவீதப் பங்கு இருக்கிறது.

இது எங்கள் நாட்டில் மட்டும் நடந்த கதையல்ல. சிங்கப்பூரில் 1932இல் வந்த டைகர் பியருக்குப் புலி. கென்யாவின் டஸ்கருக்கு யானை. இந்தோனேசியாவின் பின்டாங்குக்கு அந்நாட்டு மொழியில் நட்சத்திரம் என்று பொருள். புலியும் நட்சத்திரமும் ஹைனெகன் என்ற ஒரே ஒல்லாந்துக் கம்பனியின் கையில் இருக்கின்றன. உலகின் மிகப் பெரிய பியர் கம்பனியான ஏபி இன்பெவ் 2008இல் பட்வைசரை வாங்கியது. 2016இல் எஸ்ஏபிமில்லரை 10,000 கோடி டொலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. முதலாளிமார் ஓரிருவர்தான். சட்டைதான் ஊருக்கு ஊர் வேறு.

முஸ்லிம்களுக்கு என்ன சட்டை?

மது குடிக்காத சமூகத்துக்கு எதை விற்பது? இந்தக் கேள்விக்கு பியர் கம்பனிகள் இரண்டு விதமாகப் பதில் கண்டிருக்கின்றன. இந்த இரண்டையும் நாங்கள் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

முதலாவது எகிப்தில் நடந்தது. அல் அஹ்ராம் என்ற பழைய பியர் கம்பனி 1997இல் தனியார் கைக்குப் போனது. பியர் குடிப்போர் குறைவாக உள்ள நாட்டில் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது என்று கண்ட புதிய முதலாளி, 'ஃபைரூஸ்' என்ற பெயரில் பழச்சுவை கொண்ட மோல்ட் பானம் ஒன்றை வெளியிட்டார். அரபுப் பெயர், மது இல்லை, அல் அஸ்ஹரின் ஹலால் அங்கீகாரமும் உண்டு. அது நன்றாக ஓடியது. 2002இல் ஹைனெகன் அந்தக் கம்பனியையே வாங்கி, பின்னர் நைஜீரியா வரை ஃபைரூஸைக் கொண்டுபோனது.

இரண்டாவது வழி பிந்தியது. 2017இல் ஹைனெகன் தன் பெயரிலேயே '0.0' போத்தலை இறக்கியது. பியராகவே காய்ச்சி, அதன்பின் மதுசாரத்தை நீக்கி எடுக்கும் பானம் அது. அதே பச்சைப் போத்தல், அதே நட்சத்திரம், அதே எழுத்து. லேபிளில் மட்டும் நீல நிறம். மற்றக் கம்பனிகளும் இதே வழியில் தங்கள் பியர்ப் பெயர்களோடு பூச்சியத்தைச் சேர்த்துக்கொண்டன.

ஃபைரூஸ் வாங்குபவர் ஃபைரூஸைத்தான் வாங்குகிறார். இரண்டாவது போத்தலை வாங்குபவர் பானத்தோடு ஒரு பியரின் பெயரையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார். என் வாதம் முழுவதும் இந்த வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது.

விளம்பரம் போக முடியாத இடத்துக்குப் போத்தல் போகும்

பெயருக்கு ஏன் இவ்வளவு முக்கியம் கொடுக்கிறேன்? பியர் வியாபாரத்தில் பானத்தை விடப் பெயருக்கே பெறுமதி அதிகம். இந்தியாவில் மதுவுக்குத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்ய முடியாது. ஆகவே கிங்ஃபிஷர் என்ற பியர்ப் பெயர் தண்ணீர்ப் போத்தலில் வந்தது, கலண்டரில் வந்தது, 2005 முதல் 2012 வரை விமானத்திலும் பறந்தது. தண்ணீர் விற்பதற்காகவா இத்தனை பாடு?

எங்கள் நாட்டிலும் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், அதாவது தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகாரசபைச் சட்டம், மது விளம்பரத்தையும் அனுசரணையையும் தடை செய்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கவும் முடியாது. பத்திரிகையில், தொலைக்காட்சியில், கிரிக்கெட் மைதானத்தில் தலை காட்ட முடியாத ஒரு பெயருக்கு, தெமட்டகொடைக் கடையொன்றின் கூலரில், மைலோ பக்கற்றுக்கும் தயிர்ச் சட்டிக்கும் நடுவே இடம் கிடைத்தால் அதன் பெறுமதி என்ன? பாடசாலை விட்டு வரும் பிள்ளை தினமும் அதைப் பார்க்கும். அந்த இடத்தைத்தான் நாங்கள் சில ரூபா கொமிஷனுக்குக் கொடுக்கிறோம்.

இதை எங்களை விட நன்றாக விளங்கிக்கொண்டவர்கள் சில முஸ்லிம் விளையாட்டு வீரர்கள். தென்னாபிரிக்காவின் ஹாஷிம் அம்லா, அணிக்கு அனுசரணை வழங்கிய காசில் பியரின் சின்னம் இல்லாத சட்டையோடு விளையாடினார். 2013இல் ஃபவாத் அஹ்மதுக்கு அவுஸ்திரேலியா அதே சலுகையைக் கொடுத்தது. 2021 ஜூனில் ஐரோப்பியக் கிண்ணப் போட்டியின்போது, பிரான்ஸ் வீரர் போல் பொக்பா செய்தியாளர் மேசையில் தன் முன்னால் இருந்த ஹைனெகன் போத்தலை எடுத்துக் கீழே வைத்தார். அது மது இருந்த போத்தல் அல்ல, 0.0 போத்தல். உள்ளே என்ன இருக்கிறது என்பதை அல்ல, வெளியே என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் அவர் பார்த்தார். முஸ்லிம் வீரர்களின் முன்னால் அந்தப் போத்தலை வைக்காமல் விட ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கமும் பின்னர் சம்மதித்தது.

2022இல் கத்தார் உலகக் கிண்ணம் தொடங்க இரண்டே நாள் இருக்கும்போது, மைதான வளாகங்களில் பியர் விற்பது நிறுத்தப்பட்டது. அனுசரணையாளரான பட்வைசர் கடையை மூடிக்கொண்டு போய்விடவில்லை. 'பட் சீரோ'வை விற்றது. பியர் போனாலும் பெயர் போகவில்லை.

சில மறுப்புகள்

ஜிஞ்சர் பியர் எங்கள் வீடுகளில் இல்லையா, புரியாணிக்கு அதைத்தானே குடிக்கிறோம் என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. இந்தோனேசிய உலமா சபை 2003இல் வெளியிட்ட ஃபத்வா, விஸ்கி, பியர் முதலிய பெயர்களைத் தாங்கிய பானங்களையே கூடாது என்கிறது. எங்கள் நாட்டு வழக்கம் வேறு. இங்கே ஜிஞ்சர் பியர் என்றால் இஞ்சிச் சோடா என்று சிறு பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பெயரைப் பார்த்துப் பழகிய பிள்ளை நாளை மதுக்கடையில் போய்த் தேட அதே பெயரில் மது ஒன்று இல்லை. 0.0 போத்தலின் அண்ணன் மதுக்கடையில் இருக்கிறான்.

மதுவை விட நினைப்பவருக்கு இந்தப் பானம் உதவாதா என்று இன்னொருவர் கேட்பார். உதவலாம், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் தெருப் பிள்ளை மதுவை விடப் பார்ப்பவன் அல்ல, அதைத் தொடங்காதவன். வெளியேறுபவனுக்குக் கதவாக இருப்பது, வெளியே நிற்பவனுக்கு உள்ளே போகும் வழியாகிவிடக் கூடாது.

நான் எடுக்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரர் எடுப்பார் என்பது மூன்றாவது வாதம். எடுக்கட்டும். உம்மா சின்னப் பிள்ளையிடம் காசைக் கொடுத்து, "நானாட கடைக்குப் போய் வாங்கிட்டு வா" என்று அனுப்புகிறாரே, அந்த நம்பிக்கைதான் எங்களைப் போன்ற சிறு வியாபாரிகளின் முதலீடு. சுப்பர் மார்க்கெட்டின் விலைக்கழிவோடு எங்களால் போட்டி போட முடியாது. இந்த நம்பிக்கையோடு அவர்களாலும் போட்டி போட முடியாது. அதை எந்தக் கம்பனியும் திருப்பிக் கட்டித் தராது.

பிரதிநிதி வந்தால் கேட்க வேண்டியவை

ஆகவே எல்லா மோல்ட் பானத்தையும் கண்ணை மூடிக்கொண்டு விரட்டச் சொல்லவில்லை. மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று, இதே பெயரில் உலகில் எங்காவது மது விற்கப்படுகிறதா? ஆம் என்றால் பேச்சை அத்தோடு நிறுத்தலாம்.

இரண்டு, எப்படிச் செய்தது, யார் கொடுத்த ஹலால் சான்றிதழ்? லேபிளைப் படியுங்கள். அமெரிக்காவில் 0.5 சதவீதத்துக்குக் குறைவான மதுசாரம் உள்ள பானத்தையும் 'நொன் அல்கஹோலிக்' என்று எழுதலாம். அந்தச் சொல் பூச்சியத்தைக் குறிக்காது. சான்றிதழின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் ஹலால் சான்றுறுதிப் பேரவையிடம் விசாரியுங்கள்.

மூன்று, சாமானோடு வேறு என்ன வருகிறது? கூலர், பெயர்ப் பலகை, போஸ்டர், குடை என்று வந்தால் அவர் உங்களுக்குப் பானம் விற்க வரவில்லை, உங்கள் சுவரை வாடகைக்கு எடுக்க வந்திருக்கிறார்.

கடைசியாக ஒன்று. 1908இல் மென்செஸ்டரில் ஜோன் நோயல் நிக்கல்ஸ் என்பவர், மது எதிர்ப்பு இயக்கம் வலுவாக இருந்த காலத்தில், மதுவுக்கு மாற்றாக ஒரு பழப் பானத்தைத் தயாரித்தார். அதுதான் விம்டோ. சவூதியின் அவ்ஜான் குடும்பம் அதை 1920களில் வளைகுடாவுக்குக் கொண்டுவந்தது. இன்று அங்கே விம்டோ இல்லாத இப்தார் மேசையைக் காண்பது அரிது. மது குடிக்காதவரின் தாகமும் பெரிய சந்தைதான் என்பதை அந்தக் குடும்பம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கண்டுகொண்டது.

எங்களிடம் நன்னாரி இருக்கிறது, சர்பத் இருக்கிறது, இஞ்சி இருக்கிறது, கல்யாண வீட்டுப் பலூதாவும் இருக்கிறது. நல்ல போத்தலும் சுத்தமான தயாரிப்பும் கௌரவமான பெயரும்தான் குறை. புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் எங்கள் தனவந்தர்கள் நாலு பேர் கூட்டாகச் சேர்ந்தால் அது முடியாத காரியமல்ல. பிறருடைய பியர்ப் பெயருக்கு எங்கள் கூலரில் இடம் தேடுவதை விட, எங்கள் பானத்துக்குப் பிறருடைய கடைகளில் இடம் தேடுவது இலாபத்திலும் மேல், பரக்கத்திலும் மேல்.