மூக்கை நம்பாதீர்கள்

வெல்லாவெளியில் பிறந்தவனுக்குக் குளிரைப் பற்றி எழுத என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். மார்கழி அடைமழையில் இன்னொரு போர்வை தேவைப்படுவதுதான் எங்களுக்குத் தெரிந்த கடுங்குளிர். ஆனால், புகையை நான் அறிவேன். வேளாண்மைக் காவலுக்கு வயல்வாடியில் படுத்த இரவுகளில், யானைக்கும் நுளம்புக்குமாக வாசலில் மூட்டிய தீயின் புகையில் விடியவிடியக் கண் எரிந்தவன் நான்.

இங்கிலாந்திலிருக்கும் என் மருமகன், பழைய வான் ஒன்றை வாங்கிக் கட்டில் பொருத்தி நடமாடும் வீடாக்கியிருக்கிறான். அவன் அனுப்பிய படத்தில், இருக்கைக்கு அடியில் சிறு பெட்டியொன்று தெரிந்தது. "டீசல் ஹீட்டர், மாமா. இணையத்தில வாங்கி நானே பூட்டினேன்" என்றான். புகை உள்ளே வராதா என்று கேட்டேன். "வந்தால் மணக்கும்தானே, மாமா!" என்றான். அந்தப் பதில்தான் இதை எழுத வைத்தது.

அந்தப் பெட்டியை நான் குறை கூறவில்லை. அதனுள் டீசல் எரிவது மூடிய அறையொன்றில். எரிவதற்கான காற்று வண்டிக்கு வெளியிலிருந்து ஒரு குழாயில் வருகிறது. கழிவுப் புகை இன்னொரு குழாயில் வெளியே போகிறது. நாம் உறங்கும் இடத்தின் காற்று, சூடேறிய உலோகத்தை வெளிப்புறமாகத் தழுவித் திரும்புகிறது. இரண்டும் கலப்பதில்லை. ஆனால், அந்த உத்தரவாதம் குழாய் வெடிக்காமலும் இணைப்புக் கழலாமலும் இருக்கும்வரை மட்டுமே.

கலந்தால் வருவது, நாங்கள் பாடசாலையில் காபனோரொட்சைட்டு என்று படித்த வாயு. தமிழகத்தார் கார்பன் மோனாக்சைடு என்பர். அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணைவது அது. தலையிடி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று தடிமன் காய்ச்சல் போலத் தொடங்கும். உறங்குபவனுக்கு அந்த முன்னறிவிப்பும் கிடையாது.

குளிர்நாட்டுச் சங்கதி என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். குளிரூட்டிக்காக மின்பிறப்பாக்கியை ஓடவிட்டு உறங்கியவர்கள் அவர்கள். அதன் நச்சுவாயு வண்டிக்குள் புகுந்ததே காரணமென்று கண்டறியப்பட்டது.

எங்கள் நாட்டில் இதே வாயு கிணற்றுக்குள் கொல்கிறது. நீர்மட்டம் ஏழெட்டு மீற்றருக்குக் கீழே போய்விட்டால், மேலிருந்து உறிஞ்ச நீரிறைக்கும் இயந்திரத்தால் இயலாது. ஆகவே இயந்திரத்தையே கிணற்றுக்குள் இறக்கி ஓடவிடுவார்கள். பார்க்க இறங்கியவன் மயங்குவான். அவனைத் தூக்க இறங்கியவனும் மயங்குவான். "விஷவாயு தாக்கி இருவர் பலி" என்று ஒருபத்திச் செய்தி எழுதி என் கடமையை முடித்திருக்கிறேன். அந்த வாயு எங்கிருந்து வந்தது, எப்படித் தவிர்ப்பது என்று இன்னும் நான்கு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அந்தக் கடன் இன்னும் என் தலைமேல் இருக்கிறது.

ஆகவே மருமகனுக்கு எழுதியதை உங்களுக்கும் எழுதுகிறேன். புகைக்குழாயின் வாய் வண்டியின் அடியில் முடியக்கூடாது. யன்னல்களுக்கும் காற்றை உள்ளிழுக்கும் குழாய்க்கும் விலகி, வெளிவிளிம்பைத் தாண்டி முடிய வேண்டும். பனி கொட்டும் இரவில் அந்த வாய் மூடுண்டு போகாமல் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் குளிர் தொடங்குமுன், தொழில் தெரிந்தவர் இணைப்புகளைச் சோதிக்கட்டும். நிறுத்துவதற்கு மின்கல இணைப்பைத் துண்டிக்காதீர்கள். ஆளியால் நிறுத்தினால் விசிறி சில நிமிடம் சுழன்று சூட்டைத் தணிக்கும். குளிருக்குப் பயந்து காற்றுத்துளைகளை அடைக்காதீர்கள்.

இவையனைத்தையும் செய்த பிறகும், அந்த வாயுவை உணரும் அலாரம் ஒன்று வேண்டும். புகை அலாரம் அதற்கு ஈடாகாது. ஈஎன் 50291 என்ற ஐரோப்பியத் தரத்தின் இரண்டாம் பகுதி, இத்தகைய வண்டிகளுக்கும் படகுகளுக்கும் உரிய அலாரங்களுக்கானது. வாங்கும்போது அதைப் பாருங்கள். அது அலறினால் காரணம் ஆராய்ந்துகொண்டிருக்காமல் முதலில் வெளியே இறங்குங்கள்.

"யன்னலைக் கொஞ்சம் திறந்துதான் வைக்கிறன், மாமா" என்று சமாதானம் சொன்னான் மருமகன். நல்லதுதான். ஆனால், காற்று திசைமாறினால், அதே யன்னல் வழியாகத்தான் வெளியே போன புகை உள்ளே வரும்.

எங்கள் வயல்வாடியின் ஓலைச் சுவரில் ஆயிரம் ஓட்டைகள் இருந்தன. எங்களைக் காப்பாற்றியவை அவைதாம், எங்கள் கெட்டித்தனமன்று. பிள்ளைகள் இன்று உறங்குவது ஓட்டையில்லாத பெட்டிகளில். அடுத்தமுறை தொலைபேசியில் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்ட கையோடு, அலாரம் பூட்டினாயா என்றும் கேளுங்கள்.