கோட்டுப் போட்ட சோம்பேறிகளா?

வெளியுறவுப் பணி (ஐ.எஃப்.எஸ்.) என்றதும் நம்மூரில் ஒரே படம்தான் ஓடுகிறது. கோட்டு சூட்டு, கையில் ஒயின் கிளாஸ், கொடி பறக்கும் கார், வரியில்லாத விஸ்கி, பிள்ளைகளுக்கு வெளிநாட்டுப் பள்ளிக்கூடம். எல்லாம் நம் வரிப்பணத்தில். டீக்கடைப் பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியாது; சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்கிறவர்களே பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். கலெக்டர் என்றால் மாவட்டத்தையே ஆளலாம், ஐ.எஃப்.எஸ். என்றால் ஊர் சுற்றலாம்!

வெறும் பொய்யாக இருந்தால் விட்டுவிடலாம். இந்த நம்பிக்கை வெளிநாட்டில் உழைக்கும் நம் ஆட்களின் வயிற்றில் அடிக்கிறது.

முதலில் அந்த ஒயின் கிளாஸ் விருந்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு தலைநகரில் நூறு தூதரகங்கள் இருந்தால் ஆண்டுக்கு நூறு தேசிய தின விருந்துகள் நடக்கும். பகல் முழுக்க ஆபீஸ், மாலையில் இரண்டு மணி நேரம் நின்றபடியே பேச்சு. மூன்று வாரம் காத்திருந்தும் சந்திக்க நேரம் ஒதுக்காத தொழிலாளர் துறை அதிகாரி, அங்கே தட்டும் கையுமாகச் சிக்குவார். அந்நாட்டுச் சிறையில் கிடக்கும் நம்மவர் இருபது பேரின் கோப்பு அந்த ஐந்து நிமிடத்தில் நகர்ந்தாலும் நகரும். அடுத்த நாள் காலையில் யார் என்ன சொன்னார் என்று டெல்லிக்கு எழுத வேண்டும். நம்மூர்க் கல்யாண வீட்டில் பந்திக்கு முன்னால் எத்தனை பஞ்சாயத்து முடிகிறது என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சலுகைகள் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. வீடு உண்டு, படி உண்டு. மூன்றாண்டுக்கு ஒருமுறை மூட்டை கட்டுவதும் உண்டு. பாரிஸைப் பார்த்தவருக்கு அடுத்தது கின்ஷாசாவாக இருக்கலாம். 2008 ஜூலை 7 அன்று காபூல் இந்தியத் தூதரக வாசலில் வெடிகுண்டுக் கார் மோதியபோது பலியானவர்களில் பத்திரிகைப் பிரிவின் அதிகாரி வெங்கடேஸ்வர ராவும் ராணுவ அதிகாரி பிரிகேடியர் ரவி தத் மேத்தாவும் இருந்தார்கள். அடுத்த ஆண்டே அதே தூதரகத்தின் மீது இன்னொரு தாக்குதல். ஆபத்து காபூலோடு நிற்பதுமில்லை. 1984இல் கடத்திக் கொல்லப்பட்ட இந்தியத் தூதரக அதிகாரி ரவீந்திர மாத்ரே கடத்தப்பட்டது இங்கிலாந்தின் பர்மிங்காமில்.

ஆனால் உயிர்த்தியாகத்தைக் காட்டி வாயடைப்பது என் நோக்கமல்ல. அன்றாட வேலையைப் பாருங்கள். சவுதியில் ஒரு கட்டடத் தொழிலாளி மாரடைப்பில் இறந்துபோகிறார். ஊர் ராமநாதபுரம் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரி அறிக்கை வேண்டும், போலீஸ் தாள் வேண்டும், வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஊரிலிருந்து வர வேண்டும். கஃபில், அதாவது அவரை வேலைக்கு எடுத்த முதலாளி, சம்பளப் பாக்கியைத் தீர்க்க வேண்டும். அவரோ போனையே எடுக்க மாட்டார். தூதரகம் மரணத்தைப் பதிவுசெய்து, பாஸ்போர்ட்டை ரத்துசெய்து, தடையில்லாச் சான்று தர வேண்டும். எம்பாமிங் சான்று வந்த பிறகுதான் விமானத்தின் சரக்குப் பகுதியில் இடம். செலவை யாரும் ஏற்காவிட்டால், 2009இல் உருவான இந்தியச் சமூக நல நிதியிலிருந்து எடுக்க முயல வேண்டும். இத்தனைக்கும் நடுவே ஊரிலிருந்து ஒரு பெண் தினமும் போன் செய்து "எப்ப சார் அனுப்புவீங்க?" என்று அழுவாள். அதற்குப் பதில் சொல்கிறவர் ஒயின் கிளாஸோடு நிற்பவர் அல்லர். பெரும்பாலும் ஓர் இளநிலை அதிகாரி, அல்லது உள்ளூரில் சம்பளத்துக்கு எடுத்த உதவியாளர். அவர் மேசையில் இதுபோல் இன்னும் பல கோப்புகள்: இக்காமா (தங்கும் அனுமதி) முடிந்தவர், ஓடிப்போனதாகப் புகார் எழுதப்பட்டவர், ஊர் திரும்ப அவுட்பாஸுக்காகக் காத்திருப்பவர்.

பெரிய நெருக்கடி வந்தால்தான் நமக்குத் தூதரகம் கண்ணில் படுகிறது. 1990இல் ஈராக் பிடித்துக்கொண்ட குவைத்திலிருந்து சுமார் 1,70,000 பேரை அழைத்து வந்ததைப் படமாக்கினார்கள். அதில் அரசாங்கமே தூங்கியதுபோல் காட்டினார்கள். 2014இல் ஈராக்கின் திக்ரித்தில் ஐ.எஸ். தீவிரவாதிகளிடம் சிக்கிய 46 செவிலியர்களில் ஏறக்குறைய எல்லோரும் கேரளம், ஒருவர் தூத்துக்குடிக்காரர். பாக்தாத் தூதரகம் அவர்களோடு தொலைபேசித் தொடர்பை விடாமல் வைத்திருந்தது, பிழைத்து வந்தார்கள். அதே ஆண்டு மொசூலில் பிடிபட்ட 39 இந்தியத் தொழிலாளர்கள் பிழைக்கவில்லை. தூதரகத்தால் எல்லாம் முடியும் என்று நினைப்பவர்களுக்கும் இது பாடம்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். இவ்வளவு பெரிய நாட்டின் ஐ.எஃப்.எஸ். அதிகாரிகள் ஆயிரத்தையொட்டித்தான் இருக்கிறார்கள். தூதரகம், துணைத் தூதரகம் எல்லாம் சேர்த்தால் இருநூறு வரும். ஆள் போதவில்லை என்று சசி தரூர் தலைமையிலான நாடாளுமன்றக் குழு 2016இலேயே எழுதிவிட்டது. 2023-24 பட்ஜெட்டில் வெளியுறவு அமைச்சகத்துக்குச் சுமார் 18,000 கோடி ரூபாய். கேட்கப் பெரிதாக இருக்கும். மொத்தத்தில் அரை சதவீதம்கூடத் தேறாது. அதிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பூட்டான் முதலிய நாடுகளுக்கான உதவி. 'ஊர் சுற்றுகிற கும்பல்' என்று நாம் சிரிக்கும்வரை, இன்னும் ஆள் எடுங்கள் என்று எந்த அரசையும் யாரும் நெருக்கப் போவதில்லை. அரசுக்கு அது வசதி.

கவுன்டரில் எரிந்து விழுகிறார்கள், போன் எடுப்பதில்லை, தமிழில் பேச ஆளில்லை: இந்தப் புகார்கள் வளைகுடாவில் காலங்காலமாக உண்டு, பல நியாயமானவை. கோபம் அங்கே பாய வேண்டும். தூதர் வீட்டு விருந்துக்கு எவ்வளவு செலவு என்று கேட்பதற்கு முன், ஜித்தாவிலும் குவைத்திலும் தொழிலாளர் வழக்குகளைப் பார்க்க எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் தமிழ் தெரிந்தவர் எத்தனை பேர் என்று நம் எம்.பி.க்கள் ஒரு கேள்வியாவது போடட்டும்.