பேஜ்மேக்கர் ஓடும்... உள்ளே இருக்கும் தமிழ் என்னவாகும்? பழைய மென்பொருளும் புதிய விண்டோஸும்

திருநீர்மலையில் முகூர்த்த நாள் என்றால் தெருவெல்லாம் மாலையும் கழுத்துமாக மணமக்கள்தான். மலைமேல் ரங்கநாதர், அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் என 108 திவ்ய தேசங்களில் ஒன்றான இந்த ஊரில் கல்யாணத்தை நம்பிப் பல தொழில்கள் நடக்கின்றன. பூ, மேளம், பந்தி எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது பத்திரிகை. அதை டைப் செய்து, லே-அவுட் போட்டு, பிரஸ்ஸுக்கு அனுப்புகிற டிடிபி கடைகள் பம்மல், பல்லாவரம், தாம்பரம் என்று இந்தப் புறநகர் முழுக்க உண்டு.

இதுபோன்ற கடைகளில் இன்றும் அடிபடும் பெயர் 'பேஜ்மேக்கர்'. அடோபி நிறுவனம் 2001-இல் வெளியிட்ட 7.0 தான் அதன் கடைசி பெரிய பதிப்பு. 2004-இல் அதை மேம்படுத்துவதையே அந்த நிறுவனம் நிறுத்திவிட்டது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அது விடைபெறவில்லை. இப்போது கணினியே மாற வேண்டிய நேரம் வந்துவிட்டதால், 'புது விண்டோஸில் இது ஓடுமா, ஓடாதா?' என்ற கேள்வி எழுந்திருக்கிறது. ஓட வைக்க வழிகள் இருக்கின்றன. ஆனால், அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அந்தக் கோப்புகளுக்குள் காத்திருக்கிறது.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி நிறுத்தியது. வீட்டு உபயோகிப்பாளர்களுக்கான கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் 2026 அக்டோபர் 13 வரைக்கும்தான். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும், இன்டெல் சிப் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதையும் கேட்கிறது. 8-ஆம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-இல்தான். அதற்கு முன் வாங்கிய பெரும்பாலான கணினிகள் இதில் அடிபட்டுப் போகும்.

ஆக, பல சிறு கடைகளுக்கு இது வெறும் அப்டேட் அல்ல, புதுக் கணினி வாங்கும் செலவு. அதோடு, பழைய மென்பொருளைப் பிரியும் அபாயமும் சேர்ந்து வருகிறது.

ஏன் இன்னும் பேஜ்மேக்கர்?

"இன்னுமா இதை யூஸ் பண்றாங்க?" என்று சிரிப்பது சுலபம். காரணம் சோம்பேறித்தனம் இல்லை. யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம் பிடித்துவிட்டது. ஆனால், அச்சுத் தொழிலுக்கான மென்பொருள்கள் அதைச் சரியாகக் காட்ட வெகுகாலம் எடுத்துக்கொண்டன. அடோபியின் இன்டிசைனில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான ஆதரவு வந்தது 2012-இல், சிஎஸ்6 பதிப்பில்தான். அதுவரை கொம்பும் காலும் இடம் மாறாமல் தமிழை அச்சிட, பழைய எழுத்துருக்களும் பேஜ்மேக்கரும்தான் நம்பகமான ஜோடி. அந்த ஜோடியில் பழகிய கை, இருக்கும் வேலையை விட்டுவிட்டுப் புதிதாக எதற்குக் கற்க வேண்டும்?

இது டிடிபி கடைகளின் கதை மட்டும் இல்லை. பக்கத்துத் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டை போன்ற இடங்களில் இயந்திரத்தோடு வந்த மென்பொருளுக்காகவே ஒரு பழைய கணினியைக் கட்டிக் காக்க வேண்டிய நிலை வரலாம். உலகமும் விதிவிலக்கல்ல. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகர ரயில் கட்டுப்பாட்டு அமைப்பு 1998 முதல் ஃபிளாப்பி டிஸ்கை நம்பியே ஓடியது. அதை மாற்றுவதற்கான ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 2024-இல்தான்.

பழைய மென்பொருள் ஏன் அடம்பிடிக்கிறது?

முதல் காரணம், அனுமதி. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து மென்பொருள்கள் பல, தங்களை நிறுவிய ஃபோல்டருக்குள்ளேயே அமைப்புகளை எழுதி வைக்கும். 2007-இல் வந்த விஸ்டா முதல் விண்டோஸ் இதைக் கட்டுப்படுத்திவிட்டது. எழுத இடம் கிடைக்காத மென்பொருள் பாதியில் நின்றுவிடும்.

இரண்டாவது, 16-பிட், 32-பிட், 64-பிட் வித்தியாசம். விண்டோஸ் 11 முழுக்க 64-பிட். 32-பிட் மென்பொருளை அது ஏற்கும். 16-பிட் என்றால் கதவு மூடல்தான். டாஸ் காலத்து பில்லிங் புரோகிராம்கள் இதில் சிக்கும். 90-களில் வந்த சில மென்பொருள்கள் 32-பிட்டாக இருந்தாலும், அவற்றின் இன்ஸ்டாலர் 16-பிட்டாக இருந்து காலை வாரும்.

மூன்றாவது, டிரைவர். பழைய பிரிண்டருக்கோ, சில தமிழ் மென்பொருள்களோடு வந்த 'டாங்கிள்' பூட்டுக்கோ 64-பிட் டிரைவர் எழுதப்படவே இல்லை என்றால், மென்பொருள் திறந்தும் பயனில்லை.

சரி, ஓட வைக்க என்ன வழி?

எளிதிலிருந்து கடினத்துக்குப் போகலாம்.

1. காம்பேட்டிபிலிட்டி மோட்: ஐகானில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் உள்ள 'காம்பேட்டிபிலிட்டி' பகுதியில் விண்டோஸ் எக்ஸ்பி-யைத் தேர்வு செய்து, 'அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கு' என்பதையும் டிக் செய்யுங்கள். 'நீ எக்ஸ்பி-யில்தான் இருக்கிறாய்' என்று மென்பொருளை நம்ப வைக்கும் ஏற்பாடு இது. சில கணினிகளில் பேஜ்மேக்கர் இதிலேயே ஓடிவிடும். வேறு சிலவற்றில் பிரிண்ட் கொடுக்கும்போது மாட்டிக்கொள்ளும். முதலில் முயன்று பார்க்க வேண்டியது இதைத்தான், செலவே இல்லை.

2. விர்ச்சுவல் மெஷின்: கணினிக்குள் இன்னொரு கணினி. ஆரக்கிளின் 'விர்ச்சுவல்பாக்ஸ்' போன்ற இலவச மென்பொருளை நிறுவி, அதற்குள் எக்ஸ்பி-யைப் போட்டு, அதற்குள் பேஜ்மேக்கரைப் போடலாம். எக்ஸ்பி-க்கு 512 எம்பி மெமரி கொடுத்தாலே தாராளம். உள்ளே பி.டி.எஃப். ஆக்கி, வெளியே கொண்டு வந்து பிரிண்ட் எடுத்தால் பிரிண்டர் டிரைவர் தலைவலியும் தீரும். இருப்பதில் நம்பகமான வழி இதுதான். ஒரே ஒரு கவனம்: பழைய கணினியோடு சேர்த்து விற்கப்பட்ட எக்ஸ்பி உரிமம் பொதுவாக அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. தனியாக வாங்கிய சிடியும் கீயும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

3. டாஸ்பாக்ஸ்: டாஸ் புரோகிராம்களுக்கானது. விளையாட்டுகளுக்காக உருவானது என்றாலும் பழைய பில்லிங், கணக்கு புரோகிராம்களையும் திறந்து பார்க்க உதவும். பிரிண்ட் வேண்டும் என்றால் 'டாஸ்பாக்ஸ்-எக்ஸ்' பொருத்தம்.

4. பழைய கணினியையே வைத்திருப்பது: இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தொடரலாம். ஆனால், ஹார்டு டிஸ்குக்கு ஆயுள் உண்டு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய மதர்போர்டு கிடைத்தாலும் கிடைக்கும். போன டேட்டா கிடைக்காது.

'கிராக்' செய்யப்பட்ட பேஜ்மேக்கரை எங்கிருந்தோ டவுன்லோடு செய்வது மட்டும் வேண்டவே வேண்டாம். உரிமப் பிரச்சினை ஒருபக்கம். அந்த ஃபைலோடு மால்வேரும் சேர்ந்து வரலாம்.

ஓடிவிட்டது. ஆபத்து போய்விட்டதா?

இல்லை. எக்ஸ்பி-க்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியே முடிந்துவிட்டது. 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற ரேன்சம்வேர் பல நாடுகளின் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, பிரிட்டன் மருத்துவமனைகள்கூடத் தடுமாறின. நிலைமையைப் பார்த்து, ஆதரவு முடிந்த எக்ஸ்பி-க்கும் விதிவிலக்காக ஒரு பேட்ச் வெளியிட்டது மைக்ரோசாஃப்ட். அடுத்த முறையும் அப்படி நடக்கும் என்று நம்பி உட்கார முடியாது.

அதனால் விர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கும் எக்ஸ்பி-க்கு நெட்வொர்க்கை 'ஆஃப்' செய்துவிடுங்கள். ஜிபே, மெயில், ஜிஎஸ்டி எல்லாம் வெளியே இருக்கும் புது விண்டோஸில். பேஜ்மேக்கர் மட்டும் உள்ளே.

எழுத்து தெரியுது... ஆனா தமிழ் இல்லை!

உண்மையான சிக்கல் இனிதான். பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தமிழ் தெரியாது. ஆகவே அதில் இருக்கும் தமிழ் எல்லாம் பாமினி, வானவில், டாம், டாப் போன்ற பழைய முறைகளில்தான் இருக்கும். இவற்றில் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. உதாரணமாக, பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கணினி சேமிப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஒரு அரைப்புள்ளியையும்தான். பாமினி எழுத்துரு இருக்கும் வரை அது கண்ணுக்குத் 'தமிழ்' என்று தெரியும். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் வேஷம் கலைந்துவிடும்.

எல்லாரும் ஒரே முறைக்கு வரட்டும் என்று 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்'99 மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் குறியீடுகளைத் தமிழக அரசு தரப்படுத்தியது. 2010-இல் யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்தது. புதிதாக எழுதுவதற்கு அது வழிகாட்டியது. ஏற்கெனவே எழுதி வைத்தது, எழுதிய இடத்திலேயே தங்கிவிட்டது.

பேஜ்மேக்கரைப் புது விண்டோஸில் வெற்றிகரமாக ஓட வைத்தாலும் இந்த நிலை மாறாது. கோப்பு திறக்கும், பிரிண்ட் வரும். ஆனால் அதில் ஒரு பெயரை கூகுள் தேட முடியாது. பார்வையற்றவருக்கு ஸ்கிரீன் ரீடர் அதைப் படித்துக் காட்டாது. பி.டி.எஃப். ஆக்கினாலும் காப்பி செய்தால் வருவது அதே ஆங்கிலக் குழப்பம்தான்.

மீட்பது எப்படி?

பேஜ்மேக்கர் ஓடும்போதே அதிலுள்ள உரையை 'எக்ஸ்போர்ட்' செய்து டெக்ஸ்ட் கோப்பாக எடுங்கள். மென்பொருளே கைவசம் இல்லை என்றால், இலவச லிப்ரே ஆபீஸின் 'டிரா' செயலி 2015 முதல் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கிறது. லே-அவுட் சிதறலாம், எழுத்தாவது மிஞ்சும். இன்டிசைன் வைத்திருப்பவர்கள் கவனிக்க: பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும் கடைசிப் பதிப்பு சிஎஸ்6. அதற்குப் பிந்தைய பதிப்புகள் திறக்காது.

எடுத்த உரையை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற எழுத்துரு மாற்றியில் கொடுத்தால் யூனிகோட் தமிழ் கிடைக்கும். எந்த எழுத்துருவில் அடித்தது என்று சரியாகச் சொல்வது முக்கியம். பிறகு ஒருமுறை கண்ணால் படித்தே ஆக வேண்டும். நடுவில் ஆங்கிலத்தில் அடித்த படிப்புகளையும் கம்பெனிப் பெயர்களையும் மாற்றி தமிழென்று நினைத்து உளறிக்கொட்டும். 'ஔ' என்பது 'ஒ', 'ள' என இரண்டு எழுத்தாகப் பிரிந்து நிற்கும். எழுத்துரு கோப்புகளையும் சேர்த்தே பேக்கப் எடுங்கள். எழுத்துரு தொலைந்தால் அடுத்த தலைமுறைக்கு அது எந்த மொழி என்றே தெரியாது.

இது யார் வேலை?

கடைக்காரர் தலையில் மட்டும் இதைக் கட்டுவது நியாயம் இல்லை. கல்யாணப் பத்திரிகைகளில் மூன்று தலைமுறைப் பெயர்களும் ஊர்களும் இருக்கின்றன. கோயில் விழா அழைப்பிதழ், பள்ளி ஆண்டு மலர், கண்ணீர் அஞ்சலி, சிறு பதிப்பகங்களின் புத்தகங்கள் எல்லாம் இதே முறையில்தான் உருவாயின. ஒரு புறநகர் எப்படி வளர்ந்தது என்பதற்கான சாட்சிகள் இவை.

அரசுத் தரப்பிலும் இதே கேள்வி உண்டு. 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, திருநீர்மலை உட்பட ஐந்து பேரூராட்சிகளும் ஐந்து நகராட்சிகளும் அதில் இணைந்தன. வானவில் போன்ற எழுத்துருக்கள் அரசு அலுவலகங்களில் பரவலாகப் புழங்கிய காலத்துத் தீர்மானங்கள், அறிவிப்புகள் எந்த வடிவத்தில் இருக்கின்றன என்று முதலில் கணக்கெடுக்க வேண்டும்.

கோட்டூர்புரத்தில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம், தன் மின்நூலகத்துக்காகப் பழைய அச்சுப் புத்தகங்களை ஸ்கேன் செய்து வருகிறது. நல்ல பணி. ஆனால் 2003-இல் வந்த ஒரு புத்தகத்தின் முழு உரையும் ஏதோ ஒரு டிடிபி கடையின் ஹார்டு டிஸ்கில் ஏற்கெனவே டைப் செய்யப்பட்டு இருக்கலாம். அதை மீட்பது ஸ்கேன் செய்து எழுத்துகளை ஊகிப்பதைவிடத் துல்லியமானது. பழைய எழுத்துருக்கள் அனைத்துக்கும் மாற்று அட்டவணைகளைத் திறந்த முறையில் வெளியிடுவதும், டிடிபி கடைகளுக்காக மாவட்டம்தோறும் கோப்பு மீட்பு முகாம் நடத்துவதும் பெரிய பட்ஜெட் கேட்கும் வேலைகள் இல்லை.

உங்கள் வீட்டிலோ ஆபீஸிலோ ஒரு பழைய கணினி தூசி படிந்து கிடந்தால், எடைக்குப் போடும் முன் ஹார்டு டிஸ்கை மட்டும் கழற்றி வையுங்கள். நூறு கோப்புகள் இருந்தால், முக்கியமான பத்தை முதலில் மாற்றுங்கள். விர்ச்சுவல் மெஷின் இன்னும் சில வருஷம் அவகாசம் வாங்கித் தரும். அந்த அவகாசம் தீர்வதற்குள் தமிழை வெளியே எடுத்துவிட வேண்டும்.