வளையத்தின் வாய் இடைவெளி

டிராம்பேயை அடுத்த சீத்தா கேம்ப், 1976ஆம் ஆண்டில் ஜனதா காலனியினின்றும் அகற்றப்பட்ட குடும்பங்களைக் கொண்டு உருவான குடியிருப்பு. அவர்களுள் தமிழர் பலர். மாகுல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் சயான்-பன்வேல் நெடுஞ்சாலையும் அருகிலிருப்பதால், லாரியும் டாங்கரும் அப்பகுதியின் அன்றாடக் காட்சிகள். இத்தகைய சுற்றுப்புறத்தில் எஞ்சின் பழுதுபார்ப்பது ஓர் இளைஞனுக்குக் கைக்கெட்டும் தொழில்களுள் ஒன்றாகும். அத்தொழிலில் சிறிதாய்த் தோன்றி, பெருநஷ்டத்தை விளைக்கவல்ல ஒரு காரியம் உண்டு. பிஸ்டன் வளையத்தின் இரு முனைகளுக்கும் இடையே எவ்வளவு இடம் விடுவது என்பதே அது. பட்டறைகளில் இதனை ‘ரிங் கேப்’ என்பர்.

வளையம் முழு வட்டமன்று, ஓரிடத்தில் வெட்டுண்டது. எஞ்சின் சூடேறும்பொழுது வளையம் நீள்கிறது. அந்த நீட்சிக்கு இடந்தரவே வெட்டு வாயில் இடைவெளி வேண்டியிருக்கிறது. சிலிண்டர்ச் சுவரும் விரிகிறது என்பது மெய்யே. ஆயினும் அதனைச் சூழ்ந்து தண்ணீர் ஓடுகிறது. மேல் வளையமோ எரியும் வாயுவுக்கு அருகே இருக்கிறது. ஆதலின் கணக்கில் எடுக்கவேண்டியது வளையத்துக்கும் சுவருக்கும் உள்ள வெப்ப வேறுபாடேயாகும்.

டாட்டா 697 எஞ்சினை எடுத்துக்கொள்ளலாம். டெய்ம்லர்-பென்ஸ் கூட்டுறவுடன் 1954இல் தொடங்கிய லாரித் தொழிலின் வழிவந்தது அது. ஆறு சிலிண்டர்களும் 97 மில்லிமீட்டர் விட்டமும் உடையது. டர்போசார்ஜர் இல்லாமலும், டர்போசார்ஜருடனும் அது வெளிவந்துள்ளது. விட்டம் 97 எனில் சுற்றளவு ஏறத்தாழ 305 மில்லிமீட்டர். வார்ப்பிரும்பு ஒரு டிகிரி செல்சியசுக்குப் பத்து லட்சத்தில் சுமார் 11 பங்கு விரிகிறது. வளையம் சுவரைவிட 100 டிகிரி சூடாயிருப்பின், வாய் இடைவெளி 0.33 மில்லிமீட்டருக்குச் சற்று மேலாகக் குறையும். டர்போசார்ஜர் காற்றை அமுக்கிச் செலுத்துவதால் ஒவ்வோர் எரிப்பிலும் எரிபொருள் மிகுகிறது, வெப்பமும் மிகுகிறது. இவ்வேறுபாடு இன்னும் 50 டிகிரி உயர்ந்தால் மேலும் 0.17 மில்லிமீட்டர் மறையும். டர்போ இல்லாத எஞ்சினில் சரியாயிருந்த 0.40 மில்லிமீட்டர் இடைவெளி, இங்கே சூட்டில் இல்லாமலே போய்விடும்.

முனைகள் ஒன்றையொன்று முட்டியபின் வளையத்துக்கு நீள வழியில்லை. அது வெளிப்புறமாகப் பிதுங்கிச் சுவரை அழுத்துகிறது. எண்ணெய்ப் படலம் அறுகிறது. சுவரில் கீறல் விழுகிறது. வளையம் ஒடியலாம், பிஸ்டனின் வளைய மேடும் பெயர்ந்து போகலாம். இடைவெளி சற்று மிகுந்தாலோ, சிறிது வாயு கசியும், எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவே. ஒரு பிழைக்குத் தண்டனை சில்லறை. மற்றொன்றுக்குத் தண்டனை எஞ்சினே. கடன் வாங்கி லாரி ஓட்டுபவனுக்கு இரண்டாவது பிழை பல வார வருமானத்தை விழுங்கிவிடும். ‘இறுக்கமாயிருந்தால்தான் நல்லது’ என்னும் பட்டறை நம்பிக்கை இவ்விடத்தில் தவறானது என்பதை எவ்வளவு வன்மையாகச் சொன்னாலும் தகும்.

‘வளையத்தைத் தொழிற்சாலையிலேயே அளந்துதானே அனுப்புகிறார்கள், பின்னும் ஏன் அளப்பது?’ என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. புதிய சிலிண்டரில் உரிய வளையத்தைப் பொருத்தினால், பெரும்பாலும் அரம் எடுக்கவே வேண்டியிராது. ஆயினும் பழுதுபார்ப்பவன் கைக்கு வருவது எப்பொழுதும் புதிய சிலிண்டரன்று. அது தேய்ந்திருக்கலாம், கடைந்து பெரிதாக்கப்பட்டிருக்கலாம், வளையப் பெட்டியே வேறு அளவினதாயிருக்கலாம். இவற்றைக் கண்ணால் அறிய இயலாது.

எங்கே வைத்து அளப்பது என்பதிலும் பலர் தவறுகின்றனர். சிலிண்டர் மேற்பகுதியில் மிகுதியாகவும் கீழே குறைவாகவும் தேய்கிறது. விட்டம் 0.10 மில்லிமீட்டர் மாறினால் வாய் இடைவெளி 0.31 மில்லிமீட்டர் மாறும். மேலே 0.40 காட்டிய வளையம், தேயாத கீழ்ப்பகுதிக்கு இறங்கும்பொழுது 0.09 ஆகிவிடுகிறது. ஆகவே வளையத்தைப் பிஸ்டன் தலையால் சாயாமல் கீழே தள்ளி, தேய்வு மிகக் குறைந்த இடத்தில் ஃபீலர் கேஜ் இட்டு அளத்தல் வேண்டும். இடைவெளி போதாதெனில் ஒரு முனையை மட்டும், வெளிமுகத்திலிருந்து உள்முகம் நோக்கி, அராவுவது முறை; மாற்றி அராவினால் வெளிமுகத்து முலாம் பெயரும். எவ்வளவு என்பதற்குத் தயாரிப்பாளரின் கைந்நூலே பிரமாணம். இந்நாளில் கைப்பேசிப் படங்களில் அந்நிய நாட்டுப் பந்தயக் கார்களுக்கான அளவுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. பெட்ரோல் பந்தய எஞ்சினின் அளவை டீசல் லாரிக்கு இடுவது, பிறன் கண்ணாடியை வாங்கி அணிவது போன்றதே. இரண்டாம் வளையத்துக்கு மேல் வளையத்தைவிட அகன்ற வாய் சில கைந்நூல்களில் கூறப்பட்டிருக்கும். இரு வளையங்களுக்கும் நடுவே வாயு தேங்கி மேல் வளையத்தைத் தூக்காமலிருக்கவே அந்த ஏற்பாடு. அதை அச்சுப்பிழை என்று கருதிவிடலாகாது.

இதில் பள்ளிக்கு என்ன வேலை என்று ஆசிரியர் நினைக்கலாகாது. வட்டத்தின் சுற்றளவும், உலோகம் சூட்டில் விரிவதும் மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளிலும் கற்பிக்கப்படுபவையே. மாணவன் அவற்றைத் தேர்வுக்கு எழுதிவிட்டு, பட்டறைக்குச் சென்றதும் அவை வேறு உலகத்துச் செய்திகள் என்று எண்ணுகிறான், குறை அவனுடையதன்று. கழித்துப் போட்ட சிலிண்டர் லைனர் ஒன்றும், பழைய வளையம் ஒன்றும், ஒரு ஃபீலர் கேஜும் வகுப்புக்குப் போதும். வளையத்தை மேலே வைத்து ஒருமுறையும், கீழே வைத்து ஒருமுறையும் மாணவரே அளக்கட்டும். மேலே 0.65, கீழே 0.35 என்று வருமாயின், வேறுபாடாகிய 0.30ஐ 3.14ஆல் வகுத்து, அந்த லைனர் ஏறக்குறைய 0.10 மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது என்பதை அவர்களே கூறிவிடுவர்.