துருவுக்குப் பட்டி பூசாதீர்கள்!

பழைய பிக்கப் வண்டியின் கேபினில் ஒளிந்திருக்கும் ஆபத்து

அமெரிக்காவில் "பிக்கப்" என்று ஒரு வண்டி உண்டு. அது ஒரு சிறிய லாரி. முன்னால் டிரைவர் உட்காரும் கேபின். பின்னால் மூட்டை ஏற்றத் திறந்த தொட்டி. அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் அது உழவனின் வண்டி. தீவன மூட்டையும், வேலிக் கம்பும், பால் கேனும் ஏற்றிய வண்டி. இன்று அதே வண்டியைத் தேடிப் பிடித்து, பழுது பார்த்து, புது வர்ணம் பூசி, குடும்பத்தோடு உலா வருகிறவர்கள் அங்கே ஏராளம்.

தாத்தா ஓட்டிய வண்டியைப் பேரன் ஓட்டுவது நல்ல காட்சிதான். யார் குறை சொல்வார்கள்?

ஆனால் ஒரு கேள்வி. அந்தப் பளபளப்பான வர்ணத்துக்கு அடியில் இருப்பது என்ன? இரும்பா? பட்டியா?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் அந்தக் கேபினில் யாரும் குழந்தையை உட்கார வைக்கக் கூடாது என்பது என் கருத்து. துருப்பிடித்த கேபினை ஒன்று சரியாகப் பழுது பார்க்க வேண்டும். அல்லது துருவோடு அப்படியே விட்டுவிட வேண்டும். மூடி மறைப்பது மட்டும் கூடாது.

"மூச்சு விடும் கேபின்"

1947-ம் ஆண்டு ஷெவர்லே கம்பெனி ஒரு புது பிக்கப்பை வெளியிட்டது. உருண்டு திரண்ட முகம். அகலமான கேபின். வெளிக்காற்று உள்ளே வர வழி வைத்திருந்தார்கள். அதனால் அதை "மூச்சு விடும் கேபின்" என்று விளம்பரம் செய்தார்கள். 1955-ம் ஆண்டு தொடக்கம் வரை அந்த வடிவம் விற்பனையில் இருந்தது.

1953-ம் ஆண்டு போர்டு கம்பெனியின் எப்-100 வந்தது. 1967 முதல் 1972 வரை ஷெவர்லேயின் இன்னொரு வடிவம் வந்தது. இன்று பலர் விரும்பித் தேடும் பழைய வண்டிகளில் இவை முக்கியமானவை.

இவற்றின் என்ஜினைச் சரி செய்வது கடினம் அல்ல. உதிரிப் பாகம் கிடைக்கிறது. பிரேக்கைப் புதிதாகப் போடலாம். டயரை மாற்றலாம். ஆளைச் சோதிப்பது கேபின்தான்!

கேபின் என்பது ஒரே வார்ப்பு அல்ல. பல தகடுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, புள்ளி புள்ளியாகப் பற்றவைத்துச் செய்த பெட்டி. தகட்டின் கனம் சுமார் ஒரு மில்லி மீட்டர். இரண்டு தகடு சேரும் இடமெல்லாம் தண்ணீருக்கு ஒளிவிடம்.

உப்பு செய்த வேலை

அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் குளிர் காலத்தில் ரோட்டில் பனி உறையும். வண்டி வழுக்கும். ஆள் சாவான். அதற்காக ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். உப்பு பட்டால் பனி கரைகிறது. 1938-ம் ஆண்டு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இதைச் சோதித்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எங்கும் பரவிவிட்டது. இன்று அந்த நாட்டு ரோடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் உப்பு கொட்டப்படுகிறது.

உப்பு மனிதனைக் காப்பாற்றியது. வண்டியைத் தின்றது.

இரும்பும் தண்ணீரும் காற்றும் சேர்ந்தால் துரு. அதில் உப்பும் கலந்தால் துரு ஓட்டம் பிடிக்கும். கடற்கரை ஊரில் வீடு கட்டியவர்களைக் கேளுங்கள். ஜன்னல் கம்பியின் கதையைச் சொல்வார்கள்.

துருவுக்கு இன்னொரு குணம் உண்டு. இரும்பு இருந்த இடத்தைவிடத் துரு பல மடங்கு இடம் கேட்கும். இரண்டு தகட்டுக்கு நடுவே புகுந்தால் அவற்றைப் பிளந்து தள்ளும். பிளந்த இடத்தில் மேலும் தண்ணீர் புகும். மேலும் துரு பிடிக்கும்.

பழைய வண்டி விரும்பிகள் அரிசோனா போன்ற வறண்ட மாநிலங்களில் கேபின் தேடுவதன் காரணம் இதுதான்.

துரு எங்கே ஒளிகிறது?

முதல் இடம், கேபினின் பின்பக்கக் கீழ் மூலைகள். பின் கண்ணாடி ரப்பர் கிழிந்தால் தண்ணீர் உள்பக்கமாக வழிந்து இங்கே வந்து சேரும். தண்ணீர் வடிய வைத்த துளையை மண் அடைத்துக்கொள்ளும். மூலை உள்ளிருந்தே அழுகும்.

இரண்டாவது, கதவுக்கு அடியில் வாசற்படி போல ஓடும் நீண்ட பெட்டி. இதுதான் கேபினின் முதுகெலும்பு.

மூன்றாவது, கால் வைக்கும் தளம். ஈரமான மிதியடி விரிப்பு வருடக் கணக்கில் அதன் மேல் கிடக்கும். எடுத்துப் பார்த்தால் கீழே ரோடு தெரியும்!

நான்காவது, கேபினை வண்டியின் சட்டத்தோடு போல்ட் போட்டுப் பிணைக்கும் தாங்கிகள். இவை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கின்றன. இவை போனால் கேபின் சட்டத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

பட்டி என்னும் முகமூடி

ஓட்டை விழுந்த மூலையை அடைக்க ஒரு குறுக்கு வழி உண்டு. ஓட்டைக்குள் கம்பி வலையைத் திணிக்கிறார்கள். சில பேர் பழைய செய்தித்தாளையே திணிக்கிறார்கள். அதன் மேல் பட்டியை அப்பித் தேய்க்கிறார்கள். மேலே வர்ணம். பார்ப்பவன் "ஆகா, புது வண்டி" என்கிறான்.

பட்டி ஈரத்தை உறிஞ்சும். உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும். சில மழை, சில குளிர் காலம். வர்ணம் கொப்பளிக்கும். ஒரு நாள் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். அதற்குள் விற்றவன் பணத்தோடு போய்விட்டான்!

பட்டி கெட்ட பொருள் அல்ல. நல்ல இரும்பின் மேல், சிறு நெளிவை மட்டமாக்க, மெல்லியதாகப் பூசலாம். இரும்பு இல்லாத இடத்தில் இரும்பாக நடிக்க வைப்பதுதான் குற்றம்.

வாங்குகிறவருக்கு ஒரு யோசனை. ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கேபினின் கீழ் மூலையில் வைத்துப் பாருங்கள். இரும்பு இருந்தால் ஒட்டும். கனமான பட்டி இருந்தால் ஒட்டாது.

அழகு மட்டும் அல்ல, உயிர்!

"பழைய வண்டிதானே? எப்போதாவதுதானே ஓட்டுகிறோம்? பார்க்க அழகாக இருந்தால் போதாதா?" என்று கேட்கிறவர்கள் உண்டு.

போதாது. மூன்று காரணங்கள் சொல்கிறேன்.

ஒன்று, சீட் பெல்ட். பழைய வண்டிக்குப் புதிதாகப் பெல்ட் பொருத்துகிறார்கள். அதன் போல்ட்டைக் கேபினின் தளத்தில் முடுக்குகிறார்கள். தளம் துரு என்றால் மோதலில் போல்ட் தகட்டோடு பிய்த்துக்கொண்டு வரும். பெல்ட் இருந்தும் பயன் இல்லை.

இரண்டு, விஷப் புகை. புகைக் குழாய் கேபினுக்கு அடியில் ஓடுகிறது. குழாயிலும் ஓட்டை, தளத்திலும் ஓட்டை என்றால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. குளிருக்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்டால் ஆபத்து இரட்டிப்பு.

மூன்று, பெட்ரோல். 1950களிலும் 1960களிலும் வந்த ஷெவர்லே பிக்கப்புகள் பலவற்றில் பெட்ரோல் டாங்கி எங்கே இருந்தது தெரியுமா? கேபினுக்கு உள்ளே, சீட்டுக்குப் பின்னால்! 1973-ம் ஆண்டு புது வடிவம் வந்தபோதுதான் டாங்கி வெளியே போயிற்று. முதுகுக்குப் பின்னால் பெட்ரோலை வைத்துக்கொண்டு போகிறவருக்குச் சுற்றிலும் உறுதியான இரும்பு வேண்டாமா?

எப்படிச் செய்ய வேண்டும்?

வெல்டிங் பொறியைத் தொடும் முன் டாங்கியை வண்டியை விட்டே அகற்ற வேண்டும். சீட்டு, விரிப்பு எல்லாம் வெளியே போக வேண்டும். தீயணைப்புக் கருவி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கலாம். அதைத் தேய்க்கும்போது முகத்தில் தகுந்த தூசி வடிகட்டி அணிய வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது.

அடுத்தது முட்டுக் கொடுத்தல். கதவை மூடி, இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாகப் பற்றவைக்க வேண்டும். பழைய வீட்டில் சுவரை இடிக்கும் முன் உத்தரத்துக்கு முட்டுக் கொடுப்பது போலத்தான். முட்டு இல்லாமல் அடிப் பெட்டியை வெட்டினால் கேபின் தொய்ந்துவிடும். பிறகு கதவு ஜன்மத்துக்கும் மூடாது.

ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் வெட்டக் கூடாது. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறு பக்கம் போக வேண்டும்.

உள்ளே இருக்கும் எலும்பு முதலில், வெளியே தெரியும் தோல் கடைசியில். தாங்கிகள், உள் பெட்டி, தளம், பிறகு வெளிப் பெட்டி, கடைசியாக மூலைகள். அவசரக்காரர்கள் மூலையிலிருந்து தொடங்குகிறார்கள். ஏன்? அதுதான் பிறர் கண்ணுக்குத் தெரிகிறது!

துருவை வெட்டும்போது கஞ்சத்தனம் கூடாது. பளிச்சென்று நல்ல இரும்பு தெரியும் வரை வெட்ட வேண்டும். துருத் தகட்டில் பற்றவைத்தால் தீப்பொறி பட்டதும் அது ஓட்டையாகும். துருவை மாற்றும் திராவகம் கடையில் கிடைக்கிறது. அது மேலாகப் படிந்த துருவுக்குச் சரி. ஓட்டையை அது அடைக்காது.

புதுத் தகட்டை ஒரே மூச்சில் கோடாகப் பற்றவைக்கக் கூடாது. மெல்லிய தகடு சூட்டில் அப்பளம் போல் நெளியும். ஓர் அங்குலத்துக்கு ஒரு புள்ளி வைத்து, அது ஆறும் முன் வேறு இடத்துக்குப் போக வேண்டும். சுற்றிச் சுற்றி வந்து புள்ளிகளை இணைக்க வேண்டும். ஒரு நாள் வேலையை இரண்டு நாள் செய்தால் தகடு தட்டையாக நிற்கும்.

கடைசி வேலையைப் பலர் மறந்து விடுகிறார்கள். பற்றவைத்த பெட்டியின் உள்பக்கம் வெறும் இரும்பாக இருக்கிறது. அதற்குள் துருத் தடுப்பு மெழுகைப் பீய்ச்ச வேண்டும். தகடு சேரும் இடத்தில் அடைப்புப் பசை தடவ வேண்டும். ஆனால் தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் அடைக்கவே கூடாது. துளை அடைந்துதானே இத்தனை வினையும் வந்தது?

"வேறு கேபின் வாங்கிப் போட்டால் என்ன?"

இதுவும் நியாயமான கேள்வி. கூரையும் கதவுத் தூணும் கூடத் தளர்ந்துவிட்ட கேபின் என்றால், வறண்ட ஊரிலிருந்து நல்ல கேபினை வாங்குவதே புத்திசாலித்தனம். அதில் வெட்கம் இல்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பல பழைய வண்டிகளின் அடையாள எண் தகடு கேபினின் கதவுத் தூணில்தான் இருக்கும். அதைக் கழற்றி வேறு கேபினில் பொருத்தினால் சட்டத்தின் பிடியில் சிக்க நேரும். முதலில் அந்த மாநில அதிகாரிகளிடம் விசாரித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

அடிப் பாகம் மட்டும் போயிருந்தால் பழைய கேபினைக் காப்பாற்றலாம். தளம், மூலை, அடிப் பெட்டி எல்லாம் புதுத் தகடாகச் செய்து விற்கிறார்கள்.

பணம் இல்லாதவர் என்ன செய்வது?

பட்டறையில் கொடுத்தால் கூலி வண்டியின் விலையையே தாண்டிவிடலாம். உண்மைதான். எல்லாரிடமும் அவ்வளவு பணம் இருக்காது.

அப்படிப்பட்டவருக்கு நான் சொல்வது இது: தாங்கியையும் தளத்தையும் அடிப் பெட்டியையும் முதலில் சரி செய்யுங்கள். உட்காருகிறவரின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மூலையில் ஓட்டை இருந்தால் இருக்கட்டும். வர்ணம் உரிந்திருந்தால் இருக்கட்டும். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை வண்டி அசிங்கமாகத் தெரியும். ஆனால் பொய் சொல்லாது.

வேலை நடக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். நாளைக்கு விற்க நேர்ந்தால் வாங்குகிறவரிடம் காட்டுங்கள். வர்ணத்துக்கு அடியில் இருப்பது என்ன என்று அவரும் தெரிந்துகொள்ளட்டும்.

வாங்குகிறவர்களும் மாற வேண்டும். பளபளப்பைப் பார்த்துப் பணம் கொடுப்பவர் இருக்கும் வரை பட்டி பூசுகிறவரும் இருப்பார். வண்டியை விலை பேசும் முன் குனியுங்கள். முழங்காலில் அழுக்குப் பட்டாலும் பரவாயில்லை. அடியில் விளக்கு அடித்துப் பாருங்கள். விரிப்பைத் தூக்கிப் பாருங்கள்.

அதைத் தூக்க விடாமல் தடுக்கிறவரிடம் வண்டி வாங்காதீர்கள்!