சோறு போடும் வேனா? கடன் வைக்கும் வேனா?

பொழுது இன்னும் விடியவில்லை. பாகூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில், வீட்டு வாசலில் வேன் நிற்கிறது. பின்னால் காய்கறிக் கூடைகள் ஏறிவிட்டன. சாவியைத் திருப்பினால் "கிர்... கிர்..." என்று முனகுகிறது. வண்டி கிளம்பவில்லை.

கூடை காத்திருக்கும். சந்தை காத்திருக்குமா?

வில்லியனூர், பாகூர் வட்டாரத்தில் இது புதிய காட்சி அல்ல. பழைய ஆம்னி வேன் வைத்திருக்கும் குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு நாளாவது இப்படித் தவித்திருக்கும். "விற்று விடலாமா, இன்னும் ஓட்டலாமா?" என்ற கேள்வி அன்றைக்கே வீட்டில் எழுந்திருக்கும்.

35 ஆண்டு ஓட்டம்

மாருதி வேன் 1984-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. 1988-இல் அதற்கு "ஆம்னி" என்று பெயர் மாறியது. 2019-இல் உற்பத்தி நின்றது. அந்த ஆண்டு வந்த புதிய பாதுகாப்பு விதிகளுக்கு இந்த வண்டியால் ஈடு கொடுக்க முடியவில்லை.

சினிமாவில் வில்லன் ஆள் கடத்தும் வண்டி இதுதான். கிராமத்தில் இதற்கு நல்ல பெயர். பின் இருக்கையைக் கழற்றினால் சரக்கு வண்டி. மாட்டினால் கல்யாண வண்டி. நடுராத்திரியில் பிரசவ வலி என்றால் ஆஸ்பத்திரி வண்டி. இரண்டு பக்கமும் தள்ளு கதவு. சந்து பொந்தெல்லாம் நுழையும்.

என்ஜினும் சிறியது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. மாருதி 800 காரில் இருந்த அதே இனம். ஆகவே எந்த ஊர்ப் பட்டறையிலும் இதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் இருப்பார். பழைய சாமான் வேண்டுமென்றால் சென்னை புதுப்பேட்டை இருக்கிறது.

அப்படியானால் தொல்லை எங்கிருந்து வருகிறது?

முதல் எதிரி சூடு

ஆம்னியின் என்ஜின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் என்ஜின் கொதிக்கும். கொதித்த பிறகும் ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போய்விடும்.

தேய்ந்த தண்ணீர்க் குழாயை மாற்றுவது சின்னச் செலவு. அதை மாற்றாமல் விட்டு என்ஜினைப் பிரிப்பது பெரிய செலவு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்!

வண்டி முன்கூட்டியே சொல்லும். இருக்கை வழக்கத்தைவிட அதிகமாகச் சுடும். தண்ணீர் அடிக்கடி குறையும். ஆயில், பால் கலந்த தேநீர் நிறத்துக்கு மாறும். இதில் எது தெரிந்தாலும் வண்டியை நிறுத்திவிட வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

இரண்டாவது எதிரி துரு

கடல் தொலைவில் இல்லை. காற்றில் உப்பு இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோடெல்லாம் தண்ணீர். தரைத் தகடும், சக்கரத்துக்கு மேல் உள்ள தகடும், கதவு ஓடும் தண்டவாளமும் மெல்ல அரிக்கின்றன.

மேலே பெயிண்ட் பளபளக்கும். கீழே தகடு பொரிந்திருக்கும். பழைய வேன் வாங்குகிறவர்கள் மேலே பார்த்து மயங்கக் கூடாது. மிதியடியைத் தூக்கித் தரையைப் பார்க்க வேண்டும். டிங்கர் வேலைக்கு முடிவே கிடையாது.

40 பக்க நோட்டு

வேன் லாபமா, நஷ்டமா? பலருக்குத் தெரியாது. காரணம், கணக்கு எழுதுவது இல்லை. ஒரு 40 பக்க நோட்டு போதும்.

பெட்ரோல் செலவு போக வேனால் மாதம் 6,000 ரூபாய் மிச்சம் என்று வைத்துக் கொள்வோம். ஆண்டுக்கு 72,000 ரூபாய். வரிக்கும் இன்ஷூரன்சுக்கும் 10,000 ரூபாய், ரிப்பேருக்கு 20,000 ரூபாய் போனால், 42,000 ரூபாய் கையில் நிற்கும். வேன் சோறு போடுகிறது!

அதே வேனுக்கு ரிப்பேர் 60,000 ரூபாய் ஆனால்? மிச்சம் வெறும் 2,000 ரூபாய். வண்டி பட்டறையில் நின்ற நாட்களின் கூலியையும் கழித்தால் அதுவும் இல்லை. அந்த வேன் சோறு போடவில்லை. கடன் வைக்கிறது!

அரசாங்கக் கட்டணத்தையும் நோட்டில் எழுத வேண்டும். சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டு. பிறகு தகுதி பார்த்து ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். இதற்கு முன்பு 600 ரூபாய் கட்டணம். 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2025-இல் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

கதவு கிறீச்சிட்டால் பொறுக்கலாம். பெயிண்ட் போனால் பொறுக்கலாம். பிரேக், டயர், ஸ்டீயரிங், பெட்ரோல் குழாய், ஒயர் ஆகிய ஐந்திலும் காசு மிச்சம் பிடிப்பவர் உயிரோடு விளையாடுகிறார்.

பெட்ரோல் வாடை வந்தால் வண்டியை உடனே நிறுத்திவிட வேண்டும். வீட்டுச் சமையல் கேசை வேனில் போட்டு ஓட்டுவது குற்றம் மட்டும் அல்ல. வெடிகுண்டோடு பயணம் செய்வதற்குச் சமம்.

2020 பிப்ரவரி 15 அன்று பஞ்சாப் மாநிலம் லோங்கோவாலில், பழைய பள்ளி வேன் ஒன்று தீப்பிடித்தது. நான்கு குழந்தைகள் கருகி இறந்தார்கள். காலையில் புத்தகப் பையோடு போன பிள்ளைகள்! அந்த வீடுகளில் எந்தக் கணக்கு அந்த நஷ்டத்தை ஈடு கட்டும்?

தன் பிள்ளையை வேனில் ஏற்றும் ஒவ்வொரு தாயும் தகுதிச் சான்று இருக்கிறதா என்று கேட்கலாம். எத்தனை பிள்ளைகளை ஏற்றுகிறார்கள் என்று எண்ணலாம். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டினால், விபத்து நேரும்போது இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கக் கூடும். அதையும் நினைக்க வேண்டும்.

விடை கொடுக்கும் நேரம்

பழைய வண்டியை அரசு அங்கீகாரம் பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்தால் சான்று கொடுப்பார்கள். புதிய வண்டியின் விலையில் சுமார் 4 முதல் 6 விழுக்காடு பழைய வண்டிக்குக் கிடைக்கலாம். அந்தச் சான்றைக் காட்டிப் புது வண்டி வாங்கினால், சாலை வரியில் சொந்த வண்டிக்கு 25 விழுக்காடு வரையிலும், வாடகை வண்டிக்கு 15 விழுக்காடு வரையிலும் சலுகை தர மத்திய அரசின் விதியில் இடம் இருக்கிறது.

இது மட்டும் போதுமா? போதாது. கட்டணத்தை ஏற்றினால் பணக்காரர் புது வண்டி வாங்குவார். ஏழை, கட்டணம் கட்டாமல் பழைய வண்டியையே ஓட்டுவார். அப்போது சோதனையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. ஒரே வேனை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுக்க வேண்டும். தகுதிச் சோதனை முகாமைக் கொம்யூன் தோறும் நடத்த வேண்டும். கடைசியாக வந்த ஆம்னிக்கே 2034-இல்தான் 15 வயது ஆகும். ஆகவே இது நாளைக்கே தீர்ந்துவிடும் பிரச்சினை அல்ல.

பழைய வேன் பாவம் செய்யவில்லை. எத்தனையோ வீடுகளில் அது பிள்ளைகளைப் படிக்க வைத்தது. பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைத்தது. உழைத்த மாட்டைத் தடவிக் கொடுக்கிறோம். ஆனால் கால் ஒடிந்த மாட்டை ஏரில் பூட்டுவது இல்லை.

நோட்டைத் திறந்து பாருங்கள். கணக்கு சரி, பிரேக் சரி என்றால் தைரியமாக ஓட்டுங்கள். இரண்டில் ஒன்று தவறினாலும், சாவியைக் கழற்றி ஆணியில் மாட்டி விடுங்கள்!