பணம் கொடுத்தால் போதுமா?



தருமம் என்பது நம் வணிகர்களுக்குப் புதிய சொல் அல்ல. விருதுநகரில் 1889 ஆம் ஆண்டு சத்திரிய வித்யாசாலை எழுந்தது வியாபாரிகளின் மகமைப் பணத்தால்தான். வீட்டுக்கு வீடு பெண்கள் எடுத்து வைத்த பிடி அரிசியும் அதற்குத் துணை நின்றது. காமராசர் படித்ததும் அந்தப் பள்ளியில்தான். மகமை என்பது ஒருவர் மனம் இளகிய நாளில் கொடுக்கும் பணம் அல்ல. விற்ற சரக்குக்கு இவ்வளவு என்று ஒதுக்கி, கணக்கு எழுதி, வசூலித்தவர்களே முன் நின்று செலவும் செய்தார்கள். பணத்தோடு அவர்களுடைய பொறுப்பும் சேர்ந்து போனது.

இன்று நாம் எப்படிக் கொடுக்கிறோம்? ஊரில் உள்ள சிறிய முதியோர் இல்லத்துக்கோ, ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்துக்கோ பிறந்த நாள், திதி நாள் பார்த்து ஒரு வேளைச் சாப்பாடு போடுகிறோம். ஒரு சிப்பம் அரிசி இறக்குகிறோம். ரசீது வாங்கிக்கொண்டு திரும்பி விடுகிறோம். இதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இதோடு நம் கடமை முடிந்ததா என்பதே கேள்வி.

பல இல்லங்களுக்கு நாம் சரக்கு அனுப்பி வருகிறோம். ஓர் இல்லத்தில் நன்கொடையாக வந்த அரிசி மூட்டைகளை வெறும் தரையில், சுவரோடு ஒட்டி அடுக்கியிருந்ததைப் பார்த்தோம். அடியில் ஈரம் ஏறியிருந்தது, மேலே வண்டு. புதிதாக வந்ததை முன்னால் எடுத்துச் சமைத்துக்கொண்டே இருக்க, பழையது உள்ளேயே கிடந்து புழுத்தது. அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள்தான். சரக்கைக் காக்கும் வித்தை அவர்கள் தொழில் அல்ல, நம் தொழில். நம் கடைப் பையனுக்குக்கூடத் தெரியும்: கீழே பலகை போடு, சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்கு, பழையதை முதலில் எடு. இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு மணி நேரம் போதும். ஆனால் யாராவது போக வேண்டுமே!

வாங்கும் விஷயமும் அப்படித்தான். 40 பேர் உள்ள இல்லத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி என்றால் மாதம் 480 கிலோ ஆகிறது. கிலோவுக்கு 4 ரூபாய் குறைத்து வாங்கிக் கொடுத்தால் மாதம் 1,920 ரூபாய், வருடத்துக்கு 23,040 ரூபாய் மிச்சம். புளியும் வத்தலும் புது வரத்து வரும் நேரம் நமக்குத் தெரியும். அப்போது பார்த்து வருடத்துக்கு வேண்டியதை வாங்கி, நன்றாகக் காயவைத்து வைத்தால் அதிலும் மிச்சம் உண்டு. இந்த யோசனை நம்மிடம்தான் இருக்கிறது. நாம் தரும் ஒருநாள் நன்கொடையைவிட இது பெரிய நன்கொடை.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். கடையில் விலை போகாததை இல்லத்துக்கு அனுப்பும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். வாங்குகிறவர் வாய் திறக்க மாட்டார் என்பதாலேயே கொடுக்கிறவர் நன்றாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். நம் வீட்டு உலையில் போடாததை அங்கே அனுப்பக் கூடாது. அதேபோல, குழந்தைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுப்பதும் வேண்டாம். இல்லக் குழந்தைகளை அடையாளம் காட்டும் படங்களை வெளியிடுவதை 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமே தடை செய்கிறது.

கணக்கிலும் நாம் உதவலாம். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்த நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு இல்லை, பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. இது தெரியாமல் சிறிய இல்லங்கள் நன்கொடையாளர்களிடம் சங்கடப்படுகின்றன. வரவு செலவை அன்றன்று எழுதவும், சரக்கு இருப்புக்கு ஒரு நோட்டுப் போடவும் நாம் பழக்கிக் கொடுத்தால், கொடுப்பவர்களுக்கு நம்பிக்கை பிறக்கும்.

‘நேரம் எங்கே?’ என்று கேட்பீர்கள். காலை ஏழு மணிக்குக் கடை திறந்து இரவு பத்துக்கு மூடுகிறவர்களின் கஷ்டம் நமக்குத் தெரியாததல்ல. ஆனால் பகல் இரண்டு மணிக்கு மேல் கடையில் ஈ ஓட்டுகிற நேரமும் உண்டு. வாரத்தில் ஒரு நாள் அதில் ஒரு மணி நேரம் போதும். போகிறவர் ஒன்றை மறக்கக் கூடாது: நாம் போவது உதவிக்கு, அதிகாரத்துக்கு அல்ல. தலைவர் பதவியும் பெயர்ப்பலகையும் கேட்டு நுழைந்தால், உள்ளதும் கெட்டுப் போகும். வாரா வாரம் வருவதாகச் சொல்லிவிட்டு நான்காம் வாரம் நின்று போவதும் கூடாது. வாக்குத் தவறாமை நம் கடைக்கு மட்டும் உரியதல்லவே.

சங்கத்துக்கு நம் யோசனை இது: நம் வட்டாரத்தில் உள்ள சிறிய இல்லங்களைப் பட்டியல் எடுப்போம். ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு உறுப்பினர்களை முறை வைத்து ஒதுக்குவோம். மாதக் கூட்டத்தில் என்ன செய்தோம் என்று ஐந்து நிமிடம் பேசுவோம். மளிகை வாங்குவதைச் சங்கத்தின் வழியாக மொத்த விலையில் முடித்துக் கொடுப்போம்.

வடலூரில் 1867 ஆம் ஆண்டு வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அரிசி கொடுத்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். அன்றாடம் விறகு தள்ளி, உலை வைத்து, பரிமாற ஆள் இருந்ததால்தான் அது அணையாமல் இருக்கிறது. நம் ஊர் இல்லங்களிலும் அரிசி ஓரளவுக்கு வந்துவிடுகிறது. ஆள்தான் வேண்டும். வரும் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வருவோம், வாருங்கள்.